தமிழ் மட்டும் தெரிந்த நாய்

எங்கள் வீட்டில் நான் பேசுகிற தமிழ் முழுசாகப் புரிந்த ஒரே ஜீவன் நாய்தான். இதை ஒரு காலத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது எழுதவே கூசுகிறது.

என் வீட்டுக்காரருக்கு விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் தமிழ், இந்தி, ஆங்கிலம் எதுவுமே பேச மாட்டார். மகள் பிறந்து வளர்ந்தது தில்லியில், என் வேலைக்குக் கொடுத்த சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில். "அம்மா, ஜல்தி சாப்பாடு குடு, தேர் ஆகுது" என்பாள். சீக்கிரம் என்றும் நேரமாகுது என்றும் சொல்லத் தெரியாது, அதுதான் அவள் தமிழ். "கோவில்பட்டிக்காரி வயித்துல பொறந்துட்டு இப்படிப் பேசுதியேட்டி" என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவள் சிரிப்பாள்.

பிறகு தில்லியிலேயே துவாரகாவில் ஃப்ளாட் வாங்கிக் குடிவந்ததும் அவள்தான் அடம்பிடித்து அந்தக் குட்டியை வாங்கிக்கொண்டு வந்தாள். கறுப்பு உடம்பு, கன்னத்திலும் காலிலும் பழுப்பு. ராட்வைலர் என்றாள். எனக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவே பல நாள் ஆயிற்று. அவளுக்குப் புனாவில் வேலை கிடைத்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். குட்டி கன்றுக்குட்டி மாதிரி வளர்ந்து என் காலடியில் படுத்துக்கொண்டது.

அந்தப் பயலோடு நான் பேசிய தமிழை வேறு யாரோடும் தில்லியில் பேசியதில்லை. ஆபீசில் இந்தி. மெட்ரோவில் இந்தி. தமிழ்க்காரர்கள் கூடுகிற இடத்தில்கூட, ஆளுக்கொரு மாவட்டம் என்பதால், கொஞ்சம் நாக்கை அடக்கித்தான் பேச வேண்டும். இவனிடம் அந்த வேலை இல்லை. "ஏல, உக்காருல." உட்காருவான். "அங்கிட்டுப் போல, வீடு தூத்துப் பெருக்கணும்." போவான். வாயில் எதைக் கவ்வியிருந்தாலும் "விடுல" என்று ஒரு சொல் போதும், பொத்தென்று போட்டுவிடுவான். வீட்டுக்கு வந்தவர்கள் "பைட்" என்று இந்தியில் சொன்னாலோ, "சிட்" என்று ஆங்கிலத்தில் சொன்னாலோ என்னைத் திரும்பிப் பார்ப்பான். இந்த ஆள் என்ன சொல்லுதார் என்று என்னைக் கேட்கிற மாதிரி இருக்கும். எனக்குப் பெருமை தாங்காது.

மகள் ஒரு பயிற்சியாளரை ஏற்பாடு செய்து அனுப்பினாள். நல்ல மனிதர்தான். "மேடம், இந்த ஊர்ல எல்லாரும் சொல்ற வார்த்தைய பழக்கணும். நீங்க இல்லாதப்ப வேற யாரும் புடிக்கணும்ல?" என்று இந்தியில் பொறுமையாகச் சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். எங்கள் வீட்டுக்குள் வந்து என் தமிழை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கப் பார்க்கிறானே என்று தோன்றிவிட்டது. மகளைத்தான் இந்த ஊருக்கு விட்டுக் கொடுத்தாயிற்று, இவனையுமா? "என் பிள்ளைக்கு நானே சொல்லிக் கொடுத்துக்கிடுவேன்" என்று அந்த வாரத்தோடு அவரை அனுப்பிவிட்டேன்.

எதிர் ஃப்ளாட்டில் இருந்தவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஞ்சாபிக்காரி, என் வயதுதான், புருஷன் இல்லை. வீட்டின் முன்னறையிலேயே பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். நான் அவளை பாபிஜி என்பேன், அவளும் என்னை பாபிஜி என்பாள். தில்லியில் அது வசதி. அண்ணி என்று அர்த்தம், ஆனால் யாருக்கும் யாரும் அண்ணி இல்லை. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மற்றதை இரண்டு கை விரல்களிலும் சுற்றி, கண் மூடித் திறப்பதற்குள் புருவத்தைத் திருத்திவிடுவாள். எனக்கு வலிக்காமல் செய்த ஒரே கை அவளுடையது. நான் தோசை மாவு கொடுப்பேன், அவள் ராஜ்மா கொடுப்பாள். எங்கள் பய அவள் கதவைப் பிறாண்டினால், "ஆ கயா மேரா ஹீரோ" என்று ஹீரோ வந்துவிட்டதாகக் கொண்டாடித் திறந்து ஒரு பிஸ்கட் போடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் நாய்க்கடிச் செய்திகள் டி.வி.யில் ஓயாமல் ஓடின. ஆபத்தான இனங்கள் என்று சிலவற்றை அரசாங்கம் தடுக்கப் போகிறது என்றார்கள், கோர்ட் நிறுத்தியது என்றார்கள், மறுபடி வரும் என்றார்கள். எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு கொதித்தது. நாய் வளர்ப்பதைத் தடுக்கக் குடியிருப்போர் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. அதனால் சட்டம் கொண்டுவரச் சொல்லி அரசாங்கத்துக்கு எல்லா வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுக்கலாம் என்று ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கிளம்பினார். அதோடு, இருக்கிற நாய்களை வைத்திருப்பவர்கள் தாங்களாகவே வெளியே அனுப்பிவிட வேண்டும் என்றும் ஒரு வேண்டுகோள். எங்கள் குடியிருப்பில் அந்த வகை நாய் ஒன்றே ஒன்றுதான். யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று இந்தியில் வெளுத்து வாங்கினேன். பிறந்த இனத்தை வைத்து ஒருத்தனைக் கெட்டவன் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? நாயைக் கெடுப்பது வளர்க்கிறவன்தானே? சட்டம் போட வேண்டுமென்றால் வளர்க்கத் தெரியாத மனுஷனுக்குப் போடுங்கள். கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குத் தலைக்கேறிவிட்டது. நேராக வீட்டுக்குப் போய் அவனைச் சங்கிலி போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தேன். அத்தனை பேர் நடுவில் வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைத் தரையில் போட்டேன். கவ்வினான். "விடுல" என்றேன். போட்டுவிட்டான். எச்சில் ஒழுகுகிறது, பார்வை கோழி மேலேயே இருக்கிறது, ஆனால் தொடவில்லை. சின்னப் பிள்ளைகள் குதித்தன.

ராணுவக்காரர் மட்டும் அசையவில்லை. "அச்சா மேடம். உங்க பேச்சக் கேக்கறான். நீங்க இல்லாதப்ப?"

"யார் சொன்னாலும் கேப்பான். இதோ, பாபிஜி சொன்னாலும் கேப்பான்" என்றேன்.

பொய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் உண்மை இல்லை என்று தெரியும். அவள் சொல்லி அவன் எதையும் விட்டதை நான் பார்த்ததே இல்லை. மகள் வீடியோ காலில் தன் தில்லித் தமிழில் "உக்காரு" என்றாலே காதில் வாங்கமாட்டான், அதையும் சொல்லிச் சிரித்தவள்தானே நான். பாபிஜி எழுந்தாள். "ஹாங்ஜி, அவன் என் பிள்ளை மாதிரி. நான் பொறுப்பு" என்றாள். என் வாயிலிருந்து வந்ததை நம்பி அவள் சொன்னது அது. பார்லருக்கு வருகிற பெண்களெல்லாம் அவள் பக்கம். மனு அன்றைக்கு அப்படியே விழுந்தது.

பிறகு கோவில்பட்டியில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் வந்தது. வழக்கமாக ஊருக்குப் போனால் அவனை நாய் விடுதியில் விடுவோம். பாபிஜி சம்மதிக்கவில்லை. "அங்க கூண்டுல போட்டு வைப்பாங்க, பாவம். நான் பாத்துக்கறேன்" என்றாள். எனக்கு நிம்மதி. என்ன சாப்பாடு, எப்போது வெளியே கூட்டிப் போக வேண்டும், வயிறு கெட்டால் எந்த மருந்து, எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கீழே டாக்ஸி வந்து ஹாரன் அடித்தது. லிஃப்டுக்குக் காத்துக்கொண்டிருந்தோம். அப்போது அவளே கேட்டாள்.

"பாபிஜி, அவன்கிட்ட நீங்க ஏதோ சொல்வீங்களே உங்க பாஷையில, அது என்ன? எனக்கும் சொல்லிக் குடுங்க."

நாலு சொல். லிஃப்ட் வருவதற்குள் சொல்லியிருக்கலாம். நான் சிரித்தேன். "அதெல்லாம் வேண்டாம் பாபிஜி, பாசமாப் பேசினாப் போதும், அவனுக்கு எல்லாம் புரியும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? நேரமில்லை என்று நானே எனக்குப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அதெல்லாம் சும்மா. அந்தச் சொற்கள் எனக்கும் அவனுக்கும் மட்டும் என்று இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. இன்னொரு வாய் அதைச் சொல்லி அவன் கேட்டுவிட்டால் அப்புறம் எனக்கென்று என்ன இருக்கிறது? அவ்வளவு அற்பமான காரணம்.

தாலி கட்டி முடிந்து, பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. எங்கள் குடியிருப்பின் காவல்காரர், வீடியோ காலில். படம் ஆடுகிறது. ஒரே கூச்சல். "மேடம், டாக் சோட் நஹீ ரஹா! விட மாட்டேங்குது மேடம்!" பாபிஜி எங்கள் மாடி வராந்தாவில் தரையில் கிடந்தாள். அவள் வலது கை அவன் வாயில் இருந்தது.

"போன அவன் பக்கம் காட்டுங்க" என்று கத்தினேன். மண்டபத்தில் மைக்கில் பாட்டு. நான் கத்துவது எனக்கே கேட்கவில்லை. எச்சில் கையோடு எழுந்து, பந்தியைத் தாண்டி, சமையல்கட்டு வழியாகப் பின்புறம் ஓடினேன். பாத்திரம் கழுவுகிறவர்கள் விலகினார்கள். "விடுல! ஏல, விடுல! விடு!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

விட்டுவிட்டான்.

உடனே விட்டான். வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து, நான் எங்கே இருக்கிறேன் என்று போனைச் சுற்றித் தேடினான். என் பின்னால் ஓடிவந்த சொந்தக்காரர்கள், "ஏ, நாய்கிட்டயா போன்ல பேசுத?" என்று கேட்டார்கள்.

நடந்தது இதுதான். லிஃப்ட் பக்கம் யாரோ பிரியாணிப் பொட்டலத்தைப் பாலிதீன் பையோடு போட்டிருந்தார்கள். அவன் பையோடு கவ்விவிட்டான். தொண்டையில் அடைத்துக்கொள்ளுமே என்று பாபிஜி பயந்து, "சோட், சோட் தே பேட்டா" என்று இந்தியில் விடச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவன் விளையாட்டு என்று நினைத்தானோ, எலும்பைப் பிடுங்குகிறாள் என்று நினைத்தானோ, இன்னும் இறுக்கியிருக்கிறான். அவள் வாய்க்குள் கையை விட்டுப் பையை இழுத்தாள். அவன் கையைப் பிடித்தான். பிறகு ஆள் ஆளுக்கு ஓடிவந்து இந்தியில் கத்தக் கத்த, அவன் பிடி இறுகிக்கொண்டே போயிருக்கிறது.

மறுநாளே மதுரை போய் விமானம் பிடித்து வந்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் அவள் கை முழங்கை வரை கட்டுப் போட்டுத் தலையணை மேல் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முதலில் கேட்டது, "பிளாஸ்டிக்க முழுங்கிட்டானா? நல்லா இருக்கானா?" என்றுதான்.

"நல்லா இருக்கான்" என்றேன்.

பிறகு, "பாபிஜி, அவனுக்கு இந்தி தெரியாதா?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. போனில் என் குரல் வந்ததும் அவன் விட்டதை, வலியோடு தரையில் கிடந்து பார்த்தவள் அவள். தெரிந்தேதான் கேட்டாள். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வழி திறந்து வைத்துக் கேட்டாள் என்று இப்போது புரிகிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியும் பாபிஜி... என்னமோ மிரண்டுட்டான் போல. அந்த இனமே அப்படித்தானாம், திடீர்னு மாறிடுமாம்."

அந்த இனமே அப்படித்தான். அந்த வார்த்தை வெளியே வந்ததும் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. அதுதான் கேடு. அதற்குப் பிறகு மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் போனில் அதையே தேடித் தேடிப் படித்தேன். இந்த இன நாயின் தாடை எவ்வளவு பலம், எந்தெந்த நாட்டில் தடை, எங்கே யாரைக் கடித்தது. முன்பு இதையெல்லாம் யாராவது வாட்ஸ்அப்பில் போட்டால் சண்டைக்குப் போனவள் நான். இப்போது ஒவ்வொன்றும் மருந்து போல் இருந்தது. தப்பு அவன் ரத்தத்தில் இருந்தால் என்மேல் இல்லையே.

வீட்டுக்காரர் கவனித்துவிட்டார். பேசாத மனிதர் அன்றைக்குப் பேசினார். "ஏட்டி, அந்த நாய் மேல பழியப் போடாத. அதுக்கு வாய் கிடையாது."

"ஒங்களுக்கு என்ன, நீங்க பேசாம இருந்தே தப்பிச்சுக்கிடுதீங்க" என்று எரிந்து விழுந்தேன். எழுந்து போய்விட்டார். அந்தப் பய என் காலடியில் வந்து படுத்தான். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

பாபிஜியின் புண் ஆறியது. ஆனால் ஆள்காட்டி விரல் மடங்கவில்லை, கட்டைவிரலோடு சேரவும் இல்லை. உள்ளே நரம்பு அறுந்திருக்கிறது, பயிற்சி செய்தால் ஓரளவு வரலாம் என்று டாக்டர் சொன்னார். அந்த இரண்டு விரலும் சேராமல் நூலைப் பிடிக்க முடியாது. பார்லர் கதவில் தொங்கிய பலகையை அவள் கழற்றி உள்ளே வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரிச் செலவை நாங்கள்தான் பார்த்தோம். அதனால் எனக்கு என்ன ஆறுதல் கிடைத்துவிடும்?

மறுபடியும் கூட்டம் போட்டார்கள். அதே மனு. ராணுவக்காரர் என்னைக் குத்திக் காட்டுவார் என்று எதிர்பார்த்துக்கொண்டு போனேன். பாவம், அவர் அப்படிச் செய்யவில்லை. பாபிஜியைத்தான் முதலில் பேசச் சொன்னார்கள். அவள் கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். "அவன் வாயில கைய விட்டது நான். பயந்துட்டான். இதுக்காக நாட்டுல இருக்கற அந்த நாய்ங்க எல்லாத்துக்கும் தண்டனை குடுக்கச் சொல்லி நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாய் என்னுடையது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். குற்றம் அவனுடையது இல்லை, அவனை என்னைத் தவிர யாரும் கட்டுப்படுத்த முடியாதபடி வளர்த்தது நான், தெரிந்தே உங்கள் முன்னால் வேறு மாதிரிச் சொன்னதும் நான் என்று சொல்லியிருக்க வேண்டும். எழுந்தபோது அதைத்தான் சொல்லப் போகிறேன் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

"நான் அன்னைக்குச் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தேன். "எவ்வளவு பாசமா வளத்தாலும் அந்த இனத்தோட குணம் உள்ள இருக்கும். யாராலயும் உத்தரவாதம் குடுக்க முடியாது. சட்டம் வேணும்." சொல்லிவிட்டு மேசைக்குப் போய் மனுவில் முதல் கையெழுத்தைப் போட்டேன். அன்றைக்கும் கை தட்டினார்கள். ராணுவக்காரர், "இதுக்குப் பெரிய மனசு வேணும்" என்றார். பாபிஜி என்னைப் பார்க்கவே இல்லை.

சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. அவ்வளவு பலமான பிராணியை லிஃப்டும் சின்னப் பிள்ளைகளும் இருக்கிற இடத்தில் வைத்துக்கொள்வதற்கு ஏதோ ஒரு கட்டுப்பாடு வேண்டும்தான். ராணுவக்காரர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஆனால் நான் கையெழுத்துப் போட்டது அதற்காக இல்லை. ஒதுங்கி நிற்க எனக்கு ஒரு நிழல் தேவைப்பட்டது. எந்த நாயை வளர்க்கக் கூடாது என்று சட்டம் எழுதலாம். எந்த மாதிரி ஆள் வளர்க்கக் கூடாது என்று எழுத உட்கார்ந்தால் என்னைத்தான் முதலில் எழுத வேண்டியிருக்கும்.

கையெழுத்துப் போட்டவள் நாயை வைத்துக்கொள்ள முடியுமா? ஹரியானாப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர் எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஜீப்பில் வந்தார். ஏறச் சொல்லி அவர் சங்கிலியை இழுத்தார். அவன் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தான். "ஏறுல" என்றேன். ஏறிவிட்டான். அவன் அப்படிச் சொன்னபடி கேட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. வீட்டுக்காரர் அன்றைக்கு வேலைக்குப் போகவும் இல்லை, கீழே இறங்கி வரவும் இல்லை. புனாவில் இருந்து மகள் போன் செய்தாள். "ஏம்மா குடுத்துட்ட?" என்று கேட்டாள். அவளிடமும் இனம், குணம் என்று எதையோ உளறினேன். வைத்துவிட்டாள்.

சில நாள் கழித்துச் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தபோது பாபிஜி லிஃப்டில் ஏறினாள். விரல் பயிற்சிக்குப் போய்விட்டு வருகிறாள். இடது கையால் பட்டனை அழுத்தினாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"ஹீரோ எங்க? சத்தமே இல்லையே" என்றாள்.

"குடுத்தாச்சு பாபிஜி. உங்களுக்கு நடந்ததுக்கு அப்புறம் எப்படி வச்சுக்கிட முடியும்? சட்டமும் வரப் போகுது..."

லிஃப்ட் நின்றது. வெளியே வந்து, அந்த வராந்தாவில், அவள் தன் கதவுக்கும் என் கதவுக்கும் நடுவில் நின்றாள். "எனக்காகவா குடுத்தீங்க?" என்று கேட்டாள். நான் பையில் சாவியைத் தேடினேன்.

"கை போனதுக்கு நான் அழுதது உண்மைதான். ஆனா உங்க மேல எனக்குக் கோபம் இல்ல, பாபிஜி. நீங்க ஒரே ஒரு தடவ, என் தப்புன்னு எங்கிட்ட சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஆஸ்பத்திரியில பாத்தேன். கூட்டத்துல பாத்தேன். இப்ப லிஃப்ட்லயும் பாத்தேன்." குரல் உயரவே இல்லை. "அத எங்கிட்ட சொல்லாம இருக்கறதுக்கு, அவனையும் அனுப்பி, ஒரு சட்டமும் கேக்கறீங்களே."

சொல்லிவிட்டு நின்றாள். உள்ளே போகவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொல்வதற்கு இன்னொரு தடவையும் இடம் கொடுத்தாள். என் தப்பு, மன்னிச்சிருங்க. இந்தியில் சொன்னாலும் சின்ன வார்த்தைதான். நாக்கு நுனி வரை வந்தது.

"சாப்பிட்டீங்களா, பாபிஜி?" என்று கேட்டேன்.

அவள் இடது கையால் கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள்.